கண்டி அரண்மனையும் கண்டிச்சீமையும்

டயகம

அன்புள்ள மருமகளுக்கு,

கண்டி அரண்மனை ஒற்றைக் கட்டடம் அன்று. தலதா மாளிகையை அணைத்தபடி நிற்கும் ஒரு தொகுதி அது. அரசனின் மாளிகை, அரசியர் இருந்த பள்ளே வாசல, கொலுமண்டபமான மகுல் மடுவ, எண்கோணமாய் எழுந்த பத்திரிப்புவ, இவற்றுக்கு முன்னே ஏரி. முதலாம் விமலதர்மசூரியன் 1590களில் கண்டியைத் தலைநகராக்கியபின், பின்வந்தவர்கள் இடிந்ததைத் திருத்தியும் புதியதைச் சேர்த்தும் இதை வளர்த்தார்கள். இன்று அரசனின் மாளிகையில் தொல்லியல் அருங்காட்சியகமும், பள்ளே வாசலவில் தேசிய அருங்காட்சியகமும் இருக்கின்றன.

தேயிலைத் தோட்டத்திலிருந்து போகும் தமிழருக்கு இந்த அரண்மனை வாசலில் மனம் இரண்டாகப் பிரிகிறது. கடைசி நான்கு அரசர்களின் வீட்டில் தமிழ் ஒலித்தது என்ற பெருமை ஒருபக்கம் இழுக்கிறது. அரசன் எவனானாலும் மண் சுமந்தது குடிகள்தானே என்ற கசப்பு மறுபக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. முன்னதை மட்டும் பேசுவது தவறு.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழியில் பிள்ளையில்லாமல் இறந்தான். மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி, ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடி சூடினான். அவனும் பின்வந்த மூவரும் நாயக்கர்கள். நாயக்கர்கள் தெலுங்கு வழியினர். தமிழ்நாட்டில் நிலைத்துத் தமிழ் பேசியவர்கள். ஆகவே அவர்களைத் தமிழ் மன்னர்கள் என்று ஒரே சொல்லில் முடிப்பது சரியாகாது. பிறப்பில் சைவர்களான அவர்கள் ஆண்டது பௌத்த அரசர்களாக. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், நலிந்துபோயிருந்த பிக்கு மரபை மீட்க 1753இல் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்தான். இன்றும் பெரிய நிகாயமாக விளங்கும் சீயம் நிகாயம் அப்படித்தான் தோன்றியது. மகுல் மடுவவின் செதுக்குத் தூண்களை நாட்டத் தொடங்கியவன் அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன்.

கடைசி அரசன் கண்ணுசாமி 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான். இளம்பிள்ளையைக் கைப்பாவையாக வைத்து ஆளலாம் என்று எண்ணி அவனை அரியணையில் ஏற்றியவர் முதன்மை அமைச்சர் பிலிமத்தலாவ. பின்னாளில் அவரையே அரசன் கொல்வித்தான். 1803இல் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை அழிந்தது. ஏரியும் பத்திரிப்புவவும் இவன் காலத்தவை. வயல்வெளியை ஏரியாக்க வெட்டிய மண்ணுக்குக் கூலி கிடையாது. நிலத்துக்கு ஈடாக அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு அது, பெயர் இராசகாரியம். ஏரிக்கரையில் நின்று படம் எடுப்பவர்கள் அறியவேண்டிய முதற்செய்தி இதுதான். 1814இல் அமைச்சர் எஹெலப்பொல பிரித்தானியர் பக்கம் சாய்ந்தபோது, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளைக் கொன்ற அரசனை எந்த மொழிப்பற்றாலும் காக்க முடியாது.

பிரபுக்களின் வெறுப்பைத் தேசாதிபதி பிரவுன்றிக் பயன்படுத்திக்கொண்டார். 1815 பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவவில் பிரித்தானியருக்கும் கண்டிப் பிரபுக்களுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் இரண்டாம் பிரிவு, கண்டி அரியணை மீது ‘மலபார்’ குலத்துக்கு இருந்த உரிமையை அழித்தது. மூன்றாம் பிரிவு இன்னும் கடுமையானது. அரசனின் ஆண் உறவினர் எவரும் அனுமதியின்றி கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பவும் கூடாது. அக்கால ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்கச் சொன்ன சொல் மலபார். அரசனின் கொடுமைக்குத் தண்டனை விதிக்க வந்த தாளில், பிறப்பும் சேர்ந்து குற்றமாயிற்று. அரண்மனைச் சுற்றுலாவில் பலர் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் தோட்டத்துத் தமிழர் நிதானிக்கவேண்டும்.

அரசன் 1816இல் கடல் கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டான். 1832இல் அங்கேயே இறந்தான். அதே ஆண்டு இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. அதுவரை பிரித்தானியரும் அதைக் கைவிடவில்லை. தேசாதிபதி பார்ன்ஸின் மலைநாட்டுத் தெருக்கள் பல அந்த உழைப்பில் வெட்டப்பட்டவை. அதே மலைகளில் பிரித்தானியர் தொடங்கிய கோப்பித் தோட்டங்களில் நிலையாகக் கூலிக்கு நிற்கச் சிங்களக் குடியானவர்கள் விரும்பவில்லை. ஆகவே 1820களிலிருந்து தமிழ்நாட்டு ஏழைகள் அழைத்து வரப்பட்டார்கள். அரசனைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிய அதே ஆட்சி, தமிழ்நாட்டுக் குடிகளை அரசனின் மலைகளுக்குக் கொண்டுவந்தது. மலபார் திரும்பக்கூடாது என்று எழுதிய கைக்கே மலபார் கூலிகள் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஏராளம். சேர்ந்த நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கண்டிச்சீமை. அரசு விழுந்தபின்னும் அதன் பெயர் இந்தச் சொல்லில் உயிரோடிருந்தது. நுவரெலியா, ஹட்டன், டயகம வரை எல்லாம் அவர்களுக்குக் கண்டிதான். 1869இல் இலைநோய் தாக்கிக் கோப்பி அழிய, தேயிலை வந்தது. மன்னன் போனாலும் மேலிருந்து ஆளும் முறை போகவில்லை. மேட்டில் துரையின் பங்களா, பள்ளத்தில் தொழிலாளரின் லயம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம், நடுவே மேற்பார்க்கும் கங்காணி. துரையின் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. தோட்டத்தை ஒரு சிறு இராச்சியம் என்று சொல்வது மிகையாகாது.

1948இன் குடியுரிமைச் சட்டம், இதே மலைகளில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடத்தப் பங்கு போட்டது. எஞ்சியவர்களுக்கு 2003இன் சட்டம் குடியுரிமை தந்தது.

மீண்டும் அரண்மனைக்கு வருவோம். அரசர்களின் அரியணை இப்போது கண்டியில் இல்லை. 1693இல் ஒல்லாந்தர் பரிசளித்த அந்த ஆசனம், 1815க்குப் பின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டியில் பார்க்கவேண்டியவை மகுல் மடுவவும் ஏரியும். 2023இல், மலையகத் தமிழர் வந்த இருநூறாம் ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியில் மக்கள் நடந்தார்கள். நடை முடிந்த மாத்தளை, 1815இன் மூன்றாம் பிரிவு மூடிவைத்த கண்டி மாகாணங்களுக்குள் அடங்கிய ஊர்.

அன்புடன்,
மாமா