காயத்தின் வாசனை

நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தென்னை திடீரென்று மண்டை சாய்ந்தால் ஊரில் கண் திருஷ்டி என்பார்கள், இடி இறங்கியது என்பார்கள். கூரம் கிராமத்துக் கொல்லைகளிலும் கிணற்றடிகளிலும் நான் பார்த்தவரையில், அந்தச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் சிவப்புக் கூன்வண்டு.

எங்கள் பக்கத்து மரமேறிப் பெரியவர் ஒருநாள் ஒரு மரத்தடியில் நிறுத்தி, "தம்பி, காதை வச்சுக் கேளுங்க" என்றார். உள்ளே யாரோ கரும்பு கடிப்பதுபோல நறநறவென்று சத்தம். அடிமரத்தில் விரல் நுழையாத சிறு ஓட்டை. அதிலிருந்து பழுப்பாகச் சாறு வழிந்து, மென்று துப்பிய நார் ஒட்டியிருந்தது. ஓலை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. வெளியே வாட்டம் தெரியும்போது உள்ளே பாதி மரம் போயிருக்கும்.

இவ்வளவு மரங்களில் இந்த மரத்தைக் கூன்வண்டு எப்படிக் கண்டுபிடித்தது? வாசனையால். முதலில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது; பிறகு விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு தெரியும். அந்தக் காயத்திலும் நம் அரிவாள் பட்ட இடத்திலும் சாறு கசிந்து புளிக்கிறது. அதை முகர்ந்து கூன்வண்டு வருகிறது. வந்த ஆண் வண்டு ஒரு வாசனையை விட்டு மற்ற வண்டுகளையும் அழைக்கிறது. ஒரு பெண் வண்டு இருநூறுக்கும் மேல் முட்டையிடும். கால் இல்லாத புழுக்கள் தண்டைத் தின்றுகொண்டே வளரும்.

கனடாவின் பைன் காடுகளில் 1990களில் தொடங்கிக் கோடிக்கணக்கான மரங்களைச் சாய்த்த பட்டை வண்டின் வழியும் இதுதான். அங்கே பெண் வண்டு முதலில் துளைக்கும். பலமுள்ள பைன் பிசினைப் பொங்கவிட்டு அதை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த மரத்தால் முடியாது. வண்டோ அந்தப் பிசினின் பொருளையே உடலில் மாற்றி, கூட்டத்தைக் கூப்பிடும் வாசனையாக்குகிறது. ஆயிரக்கணக்கில் வந்து மொய்த்ததும் பிசின் வற்றுகிறது. வண்டுகள் கொண்டுவரும் பூஞ்சை நீரோட்டத்தை அடைக்கிறது. கூட்டம் மிகுந்தால் 'இங்கே இடமில்லை' என்று வேறொரு வாசனை கிளம்பும். பின்னால் வருபவை பக்கத்து மரத்துக்குப் போகும்.

தென்னைக்குப் பிசினும் இல்லை, இன்னொரு குருத்தும் இல்லை. உள்ள ஒரு குருத்து போனால் மரம் போயிற்று. அதனால் காயம் படாமல் காப்பதுதான் அதற்கு முதல் வைத்தியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததுபோலக் காற்று அடித்து மட்டை முறிந்த காலங்களில் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

தோரணத்துக்கும் பந்தலுக்கும் பச்சை மட்டையை அடியோடு வெட்டாதீர்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்கள். ஏறுவதற்குப் படி வெட்டுவதையும், கொடிக்கம்பி கட்ட ஆணி அடிப்பதையும் விடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள்மட்டை மூன்றின் இடுக்குகளில் போடுங்கள். எருக்குழியைக் கிளறி, அங்கே வளரும் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். செத்த மரத்தை அப்படியே நிற்கவிடாமல் பிளந்து எரித்துவிடுங்கள். அதிலிருந்து கிளம்பும் வண்டு அடுத்து இறங்குவது உங்கள் பக்கத்து வீட்டு மரத்தில்தான்.