பந்து சோறு போடுமா?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்குப் பந்து போடத்தான் தெரியும், எழுதவெல்லாம் வராது" என்று நழுவப் பார்த்தேன். "அப்ப பந்தைப் பத்தியே எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே இலக்கியம் எதிர்பார்க்கும் நண்பர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!

நான் முதலாண்டு மெக்கானிக்கல் சேர்ந்தது 2022-ல். அந்த அக்டோபரில்தான் ஐ.என்.பி.எல். என்ற இந்திய தேசியக் கூடைப்பந்து லீக், ஐவர் ஆட்டமாக முதல் சீசனைத் தொடங்கியது. சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ், கொச்சி டைகர்ஸ், மும்பை டைட்டன்ஸ், டெல்லி டிரிப்ளர்ஸ், சண்டிகர் வாரியர்ஸ் என்று ஆறு அணிகள். கொச்சி, ஜெய்ப்பூர், புனே என்று ஊர் ஊராகச் சுற்று ஆட்டங்கள். கடைசிக் கட்டம் பெங்களூரில். கிரிக்கெட்டுக்கு இருக்கும் கூட்டமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இதற்கு முன்பு 2015 முதல் 2017 வரை யு.பி.ஏ. என்ற லீக் நடந்து நின்றுபோயிருந்தது. இதாவது நிலைக்குமா என்பதுதான் எங்கள் கோர்ட்டில் அன்றைய பேச்சு.

புதுச்சேரிக்கென்று அணி கிடையாது. அதனால் நாங்கள் சென்னையை நம்ம ஊராக்கிக்கொண்டோம். ஹாஸ்டலில் இருந்த மாஹே நண்பன் மட்டும் கொச்சி கட்சி. "நீயும் புதுச்சேரிக்காரன்தானேடா!" என்றால், "மாஹேயிலிருந்து கொச்சி எவ்வளவு தூரம், இங்கே எவ்வளவு தூரம், கணக்குப் போட்டுச் சொல்லு" என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது! சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்ததும் லாஸ்பேட்டை டீக்கடையில் ஒரே கைபேசியைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். தோற்ற கட்சி டீக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஓரமாக உட்காருபவர் எங்கள் சீனியர் அண்ணன். நம் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆப்பரேட்டராக இருந்தார். அப்போது அவருக்கு 23 வயது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். ஆனால் பந்து அவர் கைக்கு வந்துவிட்டால் எதிர் அணிக்காரன் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்கே மறந்துவிடும்! அந்த வருஷம் அவர் வெளியூரில் ஒரு தேர்வு முகாமுக்கு நாலு நாள் சம்பளமில்லாத லீவு போட்டுப் போனார். பட்டியலில் பெயர் வரவில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் கோர்ட்டில் நின்றார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் அவர் என்னைக் கேட்டார்: "ஷாட் கிளாக் ஏன்டா 24 செகண்டு? 25 வச்சா என்ன?" தெரியாமல் விழித்தேன். அவரே சொன்னார்.

1950 நவம்பரில் அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம். முன்னிலையில் இருக்கும் அணி ரிங் பக்கமே போகாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நேரம் கடத்தலாம் என்ற காலம். அன்று முடிவு 19-க்கு 18. முழு ஆட்டத்துக்கும் இரண்டு அணியும் சேர்ந்து 37 புள்ளி! இப்படியே போனால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? சிராக்யூஸ் அணியின் முதலாளி டேனி பயசோன் கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடைக்கு எறிகிறார்கள். வகுத்தால் 24. அந்த விதி 1954 அக்டோபர் கடைசியில் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊர் நிர்வாகத்தை ஒப்படைத்த அதே வாரம்!

"நம்ம சைக்கிள் டைம் மாதிரிதான்டா. ஒரு ஜாபுக்கு இவ்வளவு நேரம்னு வச்சாத்தான் மெஷின் ஓடும்" என்று சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் புரியாத சைக்கிள் டைம் எனக்கு டீக்கடையில் புரிந்தது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. அந்த 19 புள்ளி எடுத்து ஜெயித்த அணியின் பெயர் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். ஏதோ ஸ்டைலுக்கு வைத்த பெயர் என்று நினைத்தேன். இல்லையாம்! ஃபிரெட் ஸோல்னர் என்பவரின் பிஸ்டன் தொழிற்சாலை அணி அது. ஆரம்ப காலத்தில் வீரர்களுக்கு அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை. 1957-ல் டெட்ராய்ட் நகருக்குப் போய் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஆன பிறகும் பெயர் மாறவில்லை. உலகமே பார்க்கும் லீக்கும் ஒரு காலத்தில் கையில் எண்ணெய்க் கறையோடுதான் வளர்ந்திருக்கிறது.

நம் நாட்டிலும் ரயில்வே, ராணுவம், ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வேலை கொடுத்த நிறுவனங்கள்தான் கூடைப்பந்தைக் காப்பாற்றின. விளையாட்டே சம்பளம் தரும் லீக் என்பது நமக்குப் புதிது. அதிலும் முதல் சீசன் சில மாதங்களில் முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பது?

2023 ஜனவரியில், பொங்கல் சமயம், முதல் சீசன் கோப்பையைச் சென்னை ஹீட் வென்றது. நாங்கள் டீக்கடை பெஞ்சு உடையும்படி குதித்தோம். அண்ணன் மட்டும் கைபேசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி தம்பி, நைட் ஷிஃப்டு" என்று டிபன் பாக்ஸை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பின்புறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மாதம் என் ரிசல்ட் வந்தது. கணக்கில் அரியர்! மில் வேலை போனபின் ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்கவைக்கிறவர் என் அப்பா. அவர் திட்டவில்லை. என் ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டார். "பந்து சோறு போடுமாடா?" என்று ஒரே கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

விஷயம் தெரிந்து மறுநாள் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "அப்பா, பந்து சோறு போடுதோ இல்லையோ, எனக்குச் சோறு போடுறது இந்த டிப்ளமோதான். இவன் கணக்கை நான் பார்த்துக்கிறேன். அரியர் போகலேன்னா ஷூவை நீங்களே வித்துடுங்க" என்றார். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். அம்மா கொடுத்த காபி ஆறிப்போன பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி ஷூவை எடுத்துக் கொடுத்தார்.

நைட் ஷிஃப்டு முடிந்து கண் சிவக்க வந்து, கோர்ட் படிக்கட்டில் முக்கால் மணி நேரம் மேட்ரிக்ஸும் டிரிக்னாமெட்ரியும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பந்தைத் தொட விடுவார். அடுத்த பரீட்சையிலேயே அரியர் போனது. ஷூ பிழைத்தது!

2025 தொடக்கத்தில் ஐ.என்.பி.எல். பெயரிலேயே 25 வயதுக்குட்பட்டோருக்கான லீக் டெல்லியில் நடந்தது. அண்ணனுக்கு அப்போது 26 ஆகியிருக்கிறது. ஒரே ஒரு வயது. செய்தியை எனக்குக் காட்டியவரும் அவர்தான். "உனக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குடா" என்றார். குரலில் வருத்தம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க விடவில்லை என்பதுதான் சரி.

ஒரு லீக்கில் ஆறு அணி, அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பட்டியலில் வராத ஆயிரம் பேர் ஊர் ஊராக விடியற்காலையில் சின்னப் பையன்களுக்கு லே-அப் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவர்கள் நிறுத்திவிட்டால் அடுத்த சீசனுக்கு ஆள் எங்கிருந்து வரும்? லீக் வளர்கிறது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வருகிறது.

நான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போகப்போகிறேன், தேர்வு முகாமுக்கும் போகப்போகிறேன். அப்பாவின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் போன வாரம் அவரே ஆட்டோவை நிறுத்திவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்று ஒரு குவார்ட்டர் முழுக்கப் பார்த்தார். "அந்த நம்பர் ஏழு பையனுக்கு நீ பாஸே குடுக்கலையே?" என்று வீட்டில் கேட்டார்!

நம் கோர்ட் ரிங்கில் வலை கிழிந்து கிடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். வைத்திக்குப்பத்திலிருந்து வரும் முதலாண்டுத் தம்பி ஒருவன் மீன்வலை நைலானில் அரை மணி நேரத்தில் புது வலை பின்னிக் கட்டிவிட்டான். காலை ஐந்தரைக்கு வாருங்கள் நண்பர்களே, பந்து அதில் விழும் சத்தத்தைக் கேட்கலாம். அரியர் இருந்தால் நோட்டையும் எடுத்து வாருங்கள். அண்ணன் இருப்பார்.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்