குருதி வாந்தியும் ஒரு சிறு குளிசையும்

விழா மலருக்கு வைத்தியத் துறை பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். முப்பது ஆண்டுகளாகச் சிறு வைத்தியசாலைகளிலேயே கடமையாற்றிவரும் யாம், அங்கே மிகவும் அஞ்சிய நோயொன்றைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்வது ஈரல் வாயி நாளம். எம் விலங்கியல் ஆசான் அதனை நீலச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டியது பழைய மாணவர் சிலருக்கேனும் நினைவிருக்கும். மதுவினாலோ, கொழுப்புப் படிவினாலோ, வைரசு நோயினாலோ ஈரல் தழும்பேறி இறுகிவிடின் அந்நாளத்தில் அமுக்கம் உயர்கின்றது. வழியடைபட்ட குருதி உணவுக்குழாயின் அடியிலுள்ள மெல்லிய நாளங்களைப் புடைக்கச் செய்கின்றது. அவற்றுளொன்று வெடிப்பின் நோயாளி சட்டி சட்டியாகக் குருதி கக்குவான். எம் அனுபவத்தில் அது நள்ளிரவையே தேர்ந்துகொள்ளும்!

பெரிய ஆசுப்பத்திரியில் அகநோக்கியைச் செலுத்தி, புடைத்த நாளத்தை இறப்பர் வளையத்தாற் கட்டிவிடுவர். அதற்கு ஈடான சிகிச்சை இல்லை. ஆயின் அக்கருவி பல மணிநேரப் பயணத்துக்கு அப்பால் இருப்பின் யாது செய்வது?

“ஐயா, வேண்டியளவு இரத்தம் ஏற்றிவிடுங்கோ” என உறவினர் மன்றாடுவர். ஏற்றவே வேண்டும், ஆனால் அளவோடு. மிகையாக ஏற்றின் நாள அமுக்கம் மீண்டும் உயர்ந்து, நின்ற குருதி திரும்பவும் பெருகும். பார்சலோனாவில் நடைபெற்று 2013 இல் வெளியான ஆய்வில், ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 7 கிராமிலும் குறைந்த பின்பே குருதி ஏற்றப்பட்டோர் கூடுதலாகப் பிழைத்தனர். பெருவெள்ளமாய்க் குருதி இழப்போர் இதற்கு விலக்கு. இருப்பில் இரண்டு மூன்று பைகளே உள்ள வைத்தியசாலைக்கு இஃது ஆறுதலான செய்தி. கிருமித் தொற்றும் சேர்ந்தே கொல்வதால், நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைத் தாமதியாது ஏற்றுதல் உயிர் காக்கும், விலையோ சொற்பம். எதற்கும் நில்லாவிடின், செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் 1950 இல் அறிவித்த பலூன் குழாய் உண்டு. அதனை 24 மணிநேரத்துக்கு மேல் ஊதி வைத்தலாகாது. அம்புலன்ஸ் பயணத்துக்கு அது அவகாசம் தரும், அவ்வளவே.

இவ்வளவையும் தாண்டி வீடு திரும்பியவனுக்குத் துணை புரொப்பிரனலோல் என்னும் மலிவான குளிசை. ஜேம்ஸ் பிளாக் இதய நோய்க்கென ஆக்கிய அம்மருந்து ஈரல் நாள அமுக்கத்தையும் தணிக்கும் என்பதை 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் லெப்ரெக் குழுவினர் காட்டினர். தொய்வு நோய் உள்ளவர்க்குக் கொடுத்தலாகாது.

குருதி நின்றதும் தன்னைச் சுகதேகியெனக் கருதிக் குளிசையை விட்டுவிடுவதே பேரிடர். கடற்றொழிலாளி ஒருவர் எட்டு மாதம் நலமாயிருந்தார். கிளினிக்குக்கு வருவதாயின் பஸ் செலவோடு ஒருநாள் உழைப்பும் போகுமென்று நிறுத்திக்கொண்டார். ஒன்பதாம் மாதம் எம்மிடம் உயிருடன் வந்து சேரவில்லை. இப்பொழுது தொலைவிலிருந்து வருவோர்க்கு மூன்று மாதக் குளிசையை ஒருங்கே கொடுக்கின்றோம். நாடித்துடிப்பு எண்ணுவதை மனைவிமாருக்குக் கற்பித்து, நிமிடத்துக்கு 55 இலும் குறையின் உடனே அழைத்துவரச் சொல்கின்றோம்.