கண்டுபிடிப்பதற்குக் கூலி

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். ரத வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்குச் சத்தத்தைவிடத் தறியின் தூசிதான் தலைவலி. தறிக்கூடத்துக் கணக்குப் பார்க்கும் சிஸ்டம் எது வந்தாலும் முதல் வேலை மூடியைக் கழற்றி ப்ளோயர் அடிப்பது. ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பஞ்சு அப்பியிருக்கும். வேலை பழகும் பையன் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டே காற்றடிக்கிறான். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடுமாம்.

நான் போனபோது மேசையில் இருந்தது ஒரு தறி முதலாளி வீட்டு அசெம்பிள்டு சிஸ்டம். கல்லூரியில் படிக்கும் மகன் பாகங்களை ஆன்லைனில் வாங்கி, யூடியூப் பார்த்துப் பூட்டியது. சில நேரம் நீலத்திரை, சில நேரம் படக்கென்று ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு என்று மகன் முடிவு கட்டியிருந்தான். கடைக்காரர் சிரித்தார். மெஷின் முறையாக அணையவில்லை என்பதை மட்டும்தான் அந்த 41 சொல்லும். ஏன் என்று சொல்லாது.

“ரேமு, எஸ்எம்பிஎஸ் ரெண்டையும் மாத்திருவோமா தம்பி?” என்றார் முதலாளி.

“ரெண்டையும் சேத்து மாத்துனா எது கெட்டதுன்னே தெரியாதுல்லா அண்ணாச்சி. ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும்.”

நீலத்திரையில் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழை வந்ததால் சந்தேகம் முதலில் ரேம் மேல் விழுந்தது. பயாஸில் எக்ஸ்எம்பியைப் போட்டு ரேமை 3600 வேகத்தில் ஓடவிட்டிருந்தான் மகன். ரேம் அட்டையில் அச்சிட்ட வேகம் அதுதான். ஆனால் ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் போர்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே! பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் ஓட்டியதும் பிழைகள் வரிசைகட்டின. எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டார். காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஒரு பிழைகூட இல்லை.

ரீஸ்டார்ட் மட்டும் நின்றபாடில்லை. கடையிலும் விழுகிறது என்பதால் வீட்டு எர்த்தைக் குறை சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் ஒயர் 11.8 காட்டியது. 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது கணக்கு. மீட்டரை நம்புகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை இழுக்கும். அப்போது வோல்டேஜ் சரிந்து எழுவது சாதாரண மீட்டருக்குப் பிடிபடாது. மாட்டிச் சோதிப்பதற்கென்றே நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை விற்காமல் வைத்திருக்கிறார் கடைக்காரர். அதை மாட்டியதும் ரீஸ்டார்ட் நின்றது. அத்தோடு விடவில்லை. பழையதைத் திரும்ப மாட்டி, மறுபடி விழுகிறதா என்றும் பார்த்தார். விழுந்தது. அவர் தொழில் தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது அந்தத் திரும்ப மாட்டலில்தான்.

ஆக, மகன் சொன்னது பாதி சரி. சிக்கலும் அதுதான். புது எஸ்எம்பிஎஸ் விலையை மறுபேச்சின்றிக் கொடுத்த முதலாளி, சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய்க்குத் தயங்கினார். “எம்மவன் அன்னைக்கே சொன்னதுதானே?” ரேமுக்கு ராத்திரி முழுக்க ஓடிய சோதனை பில்லில் தெரியவில்லை. மாற்றாமல் விட்ட ரேமின் விலை அவருக்கு மிச்சம் என்பதும் தெரியவில்லை.

பாகங்களின் விலையை எல்லோரும் போனிலேயே பார்த்துவிடுகிறோம். விற்பனையில் இத்தகைய கடைகளுக்குப் பெரிதாக மிஞ்சப்போவதில்லை. தேடுகிற நேரத்துக்குத்தான் அவர்கள் காசு கேட்க முடியும். உங்கள் ஊர்க் கடைக்காரர் பில்லில் சோதனைக் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்தால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.