குதிரைக்கு வார் தெரிதல்

பரி, புரவி, மா, இவுளி என்று குதிரைக்குப் பெயர் பல வைத்த தமிழர், அதன்மேற் பூட்டுங் கருவிகளுக்குப் பெயர் வைக்க மறந்தாரல்லர். சேணம், கலணை, பல்லணம், அங்கவடி, கடிவாளம் முதலிய சொற்கள் நம் அகராதிகளில் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவனை நிறுத்தி, "சேணம் நழுவாவண்ணம் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் எத்தனை விரல் அகலம் இருத்தல் வேண்டும்?" என்று வினவினால் அவன் வாளா விழிப்பான். இவ்வாண்டு யான் அதற்கு விடை கூற வல்லேன். அவ்வறிவு நூலால் வந்ததன்று. ராணி என்னும் பெட்டைக்குதிரையின் மார்புக்கும் முன்னங்காலுக்கும் இடைப்பட்ட மடிப்பில் இருந்த புண்ணால் வந்தது.

என் தாய்மாமன் உத்திரமேரூருக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூரில் உழுதொழில் செய்பவர். முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் (919, 921) உலகறிந்த உத்திரமேரூரைப்பற்றி இவ்விதழிலும் முன்னர்ப் பலர் எழுதியிருப்பர். யான் அதனை விடுத்துக் குதிரைக்கு வருகின்றேன். சென்னைக் கடற்கரையிற் சிறுவரை ஏற்றி நடந்த ராணியை, அதன் உடையவர் விற்க முற்பட்டபொழுது, மாமா நெல் விற்ற பணத்திற் கொண்டுவந்து சேர்த்தார். வயது பன்னிரண்டு, உயரம் 54 அங்குலம், செந்நிறம். உழவர்க்குக் குதிரை எற்றுக்கு என்று அம்மா கேட்டார். மாமா விடை கூறவில்லை. விடையில்லாத ஆசைகளும் உலகில் உண்டு.

வந்த அன்றே புண் புலப்பட்டது. இரு விரல் அகலமே உள்ள நைலான் பட்டை ஒன்று வயிற்றைச் சுற்றியிருந்தது. அதன் ஓரம் கத்திபோல் விறைத்திருந்தது. பகல் முழுவதும் வியர்வையும் கடல் மணலும் அப்பட்டைக்கும் தோலுக்கும் இடையே புகுந்து அரைத்தன போலும். மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து, உள்ளங்கையளவு செங்காயம் இருபுறமும் இருந்தது. என் தங்கை அதனைக் கண்டு அழுதுவிட்டாள். குதிரையின்மேல் ஏறப்போகிறவள் அவளே என்பதனால், வார் தெரிதல் அன்றுமுதல் எங்கள் குடும்பத்தின் பெருங்காரியம் ஆயிற்று. தகாத வார் குதிரையை வருத்தும். இற்றுப்போகும் வாரோ பதினொரு வயதுப் பெண்ணைத் தலைகீழாய்த் தரையில் வீழ்த்தும்.

முன்னாளிற் காஞ்சிபுரத்தில் ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவரை மாமா அழைத்துவந்தார். அவரை ஊரார் பாய் என்றே அழைப்பர். அவர் புண்ணைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், பின்பு மாமாவைப் பார்த்தார்.

"புண் ஆறும்வரை சேணமே வேண்டாம், தம்பி. உப்புநீரால் கழுவுங்கள், உலரவிடுங்கள். மருத்துவரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்."

"பொங்கலுக்குள் ஏறலாமா, பாய்?"

"குதிரையைக் கேளுங்கள். அது சொன்னால் ஏறலாம்."

மாமா சிரித்தார்; ஆயினும் பொங்கலுக்கு யாரும் ஏறவில்லை.

கருவி வாங்கும் பொறுப்பு, சென்னையிற் படிப்பவன் என்னும் காரணத்தால் என் தலைமேல் விழுந்தது. கடைக்குச் செல்லுமுன் குதிரையை அளக்க வேண்டும் என்று பாய் வற்புறுத்தினார். புண் ஆறிய பின், சேணத்தை மெல்ல முதுகில் வைத்து, ஒருபுறத்துத் தொங்குவாரின் நடுத்துளையிலிருந்து வயிற்றின் கீழாக மறுபுறத்து நடுத்துளைவரை நூல் பிடித்தோம். 44 அங்குலம் வந்தது. நடுத்துளையிலிருந்து அளப்பதன் பயன், மழைக்காலத்திற் புல் தின்று குதிரை பருத்தாலும் கோடையில் மெலிந்தாலும் மேலுங் கீழும் சில துளைகள் எஞ்சியிருக்கும் என்பதே. வளையங்கள் இருபுறமும் ஒரே உயரத்தில், முன்னங்கால் மடிப்பிற்குச் சற்று மேலே அமைய வேண்டும். ஒன்று தாழ்ந்து நின்றால் அது மடிப்பிற்குள் புகுந்து, பழைய இடத்திலேயே புதிய புண்ணை உண்டாக்கும்.

பெரியமேட்டுத் தோல்வணிகர் தெருக்களில் இரண்டு சனிக்கிழமைகள் திரிந்தேன். அத்தெருக்களின் மணம் யாவரும் விரும்பத்தக்கதன்று. ஆயினும் அங்கே நின்று ஒரு தோலை வளைத்துப் பார்ப்பது தனிக் கல்வியாகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதப்படுத்தல் நம் நாட்டுத் தோலாளர் வழிவழி கையாண்ட முறை. குரோமிய உப்பினால் பதப்படுத்தும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பாரின் முயற்சியாற் சென்னையில் வேரூன்றியது. பட்டைச்சாற்றில் ஊறிய தோல் உறுதியாய், இழுத்தால் எளிதில் நீளாததாய் இருக்கும்; குரோமியத் தோல் மென்மையாய், நீரைத் தாங்குவதாய் இருக்கும். வாருக்கு முன்னதே ஏற்றது என்பர். இந்நாளில் ஏற்றுமதிக்கென்று சேணங்கள் மிகுதியாகச் செய்யப்படும் நகரம் கான்பூர். அங்கே 19ஆம் நூற்றாண்டிற் படைக்குதிரைகளுக்கென்று தொடங்கிய தொழிற்சாலையே அத்தொழிலுக்கு அடிகோலியது. யான் சென்னையிற் கண்ட நல்ல வார்களும் கான்பூரிலிருந்து வந்தனவே.

வயிற்றுவார்களிற் பல வகை உண்டு. மலிவானது நைலான், அதனை எங்கள் வீட்டிற் பெயர்சொல்லவும் இடமில்லை. பருத்தி நாடாவார் வியர்வையை உறிஞ்சும்; துவைக்கலாம்; ஆனால் வியர்வை உலர்ந்தபின் அட்டைபோல் விறைக்கும். பல கயிறுகளை அடுக்கிச் செய்த வாரில் இடையிடையே காற்றுப் புகும். ஆனால் கயிறுகள் ஒன்றுசேர்ந்து தோலைக் கிள்ளும் என்று பாய் அஞ்சினார். ரப்பர்த் துணியாலான வார் இந்நாளில் மிகுதியாக விற்கின்றது. நழுவாது, கழுவுவது எளிது, ஆனால் எங்கள் செங்கற்பட்டு வெயிலில் அதனடியில் வெப்பந் தேங்கும். ஒருமுனையில் நெகிழ்நாடா தைத்த வார்களைக் கடைக்காரர் மிகப் புகழ்ந்தார். குதிரை மூச்சிழுக்கும்போது அது விரிந்து கொடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் எளிதில் இழுபடுவதனாலேயே அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட நேரும். வெயிலில் நெகிழ்நாடா விரைவிற் கெடவுஞ் செய்யும். என் கருத்தில், குழந்தை ஏறும் குதிரைக்கு அது வேண்டுவதன்று.

இறுதியிற் கண்ணிற் பட்டது, முன்னங்கால் மடிப்பிற்கு நேரே உட்புறமாய்க் குழிந்து வெட்டப்பட்ட தோல்வார். நெஞ்சின் கீழே நான்கு விரலுக்கு மேல் அகன்று, மடிப்பருகே ஒடுங்கியிருந்தது. அழுத்தம் அகன்ற இடத்திற் பரவும். புண்பட்ட இடமோ வாரைத் தொடாமலே நிற்கும். எஃகு வளையங்கள் உருளையுடன் இருந்தன. தையலை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன். தோலை மடித்து உள்வளைவில் வெடிப்பு உண்டா என்று நோக்கினேன். நன்றாயிருந்தது. விலைதான் நன்றாயில்லை. அதனை வாங்கினால் மாமா தந்த பணத்தில் மூன்றிலொரு பங்கே மிஞ்சும். கடிவாள வாரும் தோலில் வாங்குதல் இயலாது. தொலைபேசியில் மாமாவை வினவினேன். "இரண்டையும் நடுத்தரமாக வாங்கிவிடேன்டா" என்றார். யான் உடன்படவில்லை. வயிற்றுவார் குதிரையின் தோலோடு ஒட்டியிருப்பது. ஏறியவரின் உயிரைத் தாங்குவது. இரண்டும் நடுத்தரமானால் இரண்டிலும் ஐயம் இருக்கும். சிறிது நேரம் வாதிட்டபின் மாமா இசைந்தார்.

இனிக் கடிவாள வார். கவிஞர்க்கு இது ஆட்சியின் அடையாளம். யாக்கோபின் நிருபத்திலும் நாவடக்கத்திற்கு உவமையாய்க் கடிவாளமே வருகின்றது. ஏறுபவர்க்கோ இது குதிரையின் வாயோடு பேசும் வழி. சிறுமியின் கைக்கு அகன்ற வார் ஆகாது. அரை அங்குலத்திற்குச் சற்று மிகுந்தாற் போதும். நீளம் இன்னும் முதன்மையானது. மிக நீண்டால் தொங்கும் வளைவில் ஏறியவரின் கால் சிக்கும். மிகக் குறுகினாற் குதிரை கழுத்தை நீட்டுகையில் கையிலிருந்து பறிபோகும். பெரிய குதிரைக்குரியது பக்கத்திற்கு ஏறக்குறைய 54 அங்குலம். ராணிக்கு 48 போதும். வழவழப்பான தோல்வார் மழையிலும் வியர்வையிலும் வழுக்கும். ரப்பர் உறையிட்டது வழுக்காது, ஆனால் பருமனானது. ஆதலால், குறுக்கே சிறு தோற்பட்டைகள் தைத்த பருத்தி நாடாவாரை மிஞ்சிய பணத்தில் வாங்கினேன். பட்டைகள் இருப்பதனால், கை எங்கே பற்ற வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லுதலும் எளிதாயிற்று. கடிவாள இரும்போடு சேரும் முனைகளின் தையல் மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. உத்திரமேரூர்க் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் தொழிலாளர் ஒருவர், மெழுகிட்ட நூலால் அவற்றை இரட்டைத் தையலாக்கித் தந்தார். கூலி வாங்க மறுத்து, குதிரையை ஒருமுறை கடைத்தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், விசயநகரக் காலத்துச் சிற்பிகள் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைத் தூண்களில் வடித்துள்ளனர். எங்கள் ஊர்ப்புறத்து ஐயனார் கோயிலில் நிற்கும் மண்குதிரைக்கும் குயவர் வார்களை உருட்டி ஒட்டியிருக்கின்றார். மண்குதிரைக்கு வார் எவ்வளவு இறுகினும் புண் வாராது. அஃது அதன் பேறு. உயிருள்ளவற்றின் கதை வேறு. பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் வெண்புரவிகளைக் கொணர்ந்த நாவாய்களைக் கூறும். அத்துறை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனுக்கு உரியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகள் கடல்வழி இறங்கியும், பேணத் தெரிந்தார் இன்மையால் அவற்றுட் பெரும்பாலன ஆண்டு முடியுமுன் மடிந்தன என்று எழுதினார். அதில் மிகையும் இருக்கலாம். ஆயினும் பெருஞ்செல்வம் கொடுத்துக் குதிரை வாங்கினோர் அதனைப் பேண வல்லாரைத் தேடிக்கொள்ளாமை எனக்கு வியப்பளிக்கின்றது. புறநானூற்றிற் பொன்முடியார் பாடிய குதிரையோ (299) உளுந்தின் சக்கையைத் தின்ற சிற்றூர்த் தலைவனது; நெய்ச்சோறு தின்ற பெருவேந்தன் குதிரைகள் தயங்கி நிற்க, அது படையைப் பிளந்து சென்றது. அதனைப் பேணியவன் யாவனோ, அவனைக் காண விழைகின்றேன்.

மாசித் திங்களில் ராணிக்குப் புதிய வார் பூட்டினோம். பாய் முதலில் தளர்வாகவே மாட்டினார். சிறிது நடத்தி, ஒரு துளை ஏற்றினார். மீண்டும் நடத்தி, மற்றொரு துளை ஏற்றினார். ஒரே இழுப்பில் இறுக்கினால், அடுத்தமுறை வாரைக் கண்டவுடனே குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு கடிக்க வரும் என்றார். பின்பு முன்னங்கால்களை ஒவ்வொன்றாய் முன்னே நீட்டி, வாரடியில் மடிந்திருந்த தோலைச் சமன்செய்தார். முன்னங்கால் மடிப்பிற்கும் வாருக்கும் இடையே நான்கு விரல். வாருக்கும் உடலுக்கும் இடையே தட்டையாக இரண்டு விரல். அவர் சொல்லச் சொல்லத் தங்கை தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் சிறியன ஆதலால் மூன்று என்று அங்கேயே திருத்தஞ் செய்யப்பட்டது. ராணி காதைப் பின்னே சாய்க்கவில்லை, வாலையும் வீசவில்லை. தங்கை ஏறினாள்.

இப்பொழுது ஏறி இறங்கும் நாள்தோறும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, நிழலில் வாரைத் தொங்கவிடுகின்றோம். வெயிலிற் காயவிட்டால் தோல் வெடிக்கும். திங்களுக்கொருமுறை சிறிதே விளக்கெண்ணெய் பூசுதல் தங்கையின் வேலை. மிகுதியாகப் பூசினால் தையல் நூல் ஊறிக் கெடும் என்பதனால், எண்ணெய்க் குப்பியை அம்மா தம் காவலில் வைத்திருக்கின்றார். புண் இருந்த இடத்தில் மயிர் மீண்டும் முளைத்துள்ளது. செந்நிறக் குதிரைக்கு அவ்விடம் மட்டும் வெள்ளை. அது மாறாது என்கிறார் பாய். அங்கவடிகள் இன்னும் பழையனவே. அவற்றை மாற்ற அடுத்த அறுவடைவரை பொறுக்க வேண்டுமென்பது மாமாவின் தீர்ப்பு.