பயணத்துக்கு எந்த ஹெட்போன்?

பயணத்தில் பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வெளிச்சத்தத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை. ஒலித்தரம் அப்புறம்தான். ஓடும் பேருந்தின் இன்ஜின் இரைச்சல் தம்புராவின் சுருதியையும் பேஸ் கிட்டாரையும் விழுங்கிவிடும். உடனே கை வால்யூமைக் கூட்டும். ஆபத்து அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே. உள்காதில் அழிந்துபோன மயிர்ச்செல்கள் நமக்குத் திரும்ப வளர்வதில்லை என்பதை நினைத்தால், இந்தக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன், வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி அதற்கு எதிர் அலையை உண்டாக்குகிறது. போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை வந்ததே 1978-ல் ஒரு விமானப் பயணத்தில்தான். இன்ஜின் போன்ற சீரான, தாழ்ந்த ஓசையை அது நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அந்த அளவுக்கு அடக்காது. விலை அதிகம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் காதில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை கொண்ட சாதாரண இயர்போனே கணிசமான சத்தத்தைத் தடுத்துவிடும். பெட்டியில் சிறிதும் பெரிதுமாகத் தரும் முனைகளைப் போட்டுப் பார்க்கக்கூடப் பலர் மெனக்கெடுவதில்லை! ஹாரன் கேட்காதே என்பது வலுவான ஆட்சேபம். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கழற்றிவிடத்தான் வேண்டும். நான் சொல்வது, இருக்கையில் உட்கார்ந்தபடி பல மணி நேரம் போகும் பயணத்துக்கு.