ஆமாம், அந்த வீடியோவில் இருப்பது நான்தான்

குடும்பக் குழுவிலும் நம் 1989 பேட்ச் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நீங்களா?" என்று இதுவரை 43 பேர் கேட்டாகிவிட்டது. நான்தான். சல்வார் கமீஸ், வெள்ளைத் தலை, பழைய லேடிபேர்ட் சைக்கிள். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

காணும் பொங்கலன்று மந்தைவெளியில் எங்கள் தெருக்காரர்கள் நடத்திய விழா அது. ஊரே மெரினாவுக்குப் போயிருக்கும் என்று பார்த்தால், பாதி ஊர் எங்கள் தெருவில் நின்றது. கோலம், உறியடி, அப்புறம் சைக்கிளில் இரண்டு போட்டிகள். பையன்களுக்குத் தாண்டும் போட்டி. செங்கல் அடுக்கிச் சாய்த்துவைத்த பலகையில் வேகமாக ஏறிப் பறந்து, யார் தூரமாக இறங்குகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. எல்லாருக்கும் பொதுவாக ஸ்லோ சைக்கிள். 20 மீட்டர், இருபுறமும் கயிறு, கால் தரையில் பட்டால் அவுட், கடைசியில் வருபவர் ஜெயித்தவர்.

தம்பியின் பேரன் ஒன்பதாவது படிக்கிறான். தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் வைத்த மலை சைக்கிளோடு தாண்டப் பெயர் கொடுத்திருந்தான். "அத்தைப்பாட்டி, ஸ்லோ ரேஸ் ஈஸிதான், நீங்க சேருங்க" என்றான். கணக்கு டீச்சரிடம் ஈஸி என்று சொல்லலாமா?

தாண்டுவதில், சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பும்போதே எங்கே இறங்குவோம் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. வேகம், பலகையின் சாய்வு, அவ்வளவுதான். காற்றில் போகும் பாதை நீங்கள் கிராஃப் தாளில் போட்ட அதே பரவளையம். (புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்தவர்கள் யார் யார் என்பது இன்னும் நினைவிருக்கிறது.) மெதுவாக ஓட்டுவதில் எதுவும் முன்கூட்டி முடிவாவதில்லை. சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடது பக்கமே திருப்பவேண்டும், அப்போதுதான் சக்கரம் நம் எடைக்கு அடியில் வந்து தாங்கும். வேகமாகப் போகும்போது துளி திருப்பினால் போதும். மெதுவாகப் போனால் அதே சாய்வுக்கு நிறையத் திருப்பவேண்டும், அதற்குள் கயிறு வந்துவிடும். சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி சைக்கிளை நிறுத்துகிறது என்று பல புத்தகங்கள் சொல்லும். அந்தப் பம்பர விளைவை ரத்துசெய்து ஒரு குட்டி வண்டியைச் செய்து, ஆளே இல்லாமல் தள்ளிவிட்டு, அது விழாமல் ஓடுவதை 2011இல் 'சயன்ஸ்' இதழில் கூய்மன், ரூயினா குழுவினர் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி.

விஷயம் இது மட்டுமில்லை. உங்கள் சார் போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமும் எல்லாரும் என்னிடம் சொன்னது 'ஜாக்கிரதை' ஒன்றுதான். மாடி ஏறாதே, பஸ்ஸில் போகாதே. பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பி வந்து, சைக்கிளை விற்றுவிடலாம் என்று போட்டோ எடுத்து விளம்பரமே போட்டுவிட்டான். "66 வயசு. இடுப்பு எலும்பு முறிஞ்சா யார் பாக்கறது?" நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நான் சைக்கிள் கற்றது லேசில் இல்லை. 34 வயதில், 1992 கோடை விடுமுறையில், புதுக்கோட்டையில். அங்கே அறிவொளி இயக்கத்தில் சித்தி பெண் தொண்டராக இருந்தாள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்று ஊக்கப்படுத்தியதில், வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போகிற பெண்களெல்லாம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடிப் பார்க்கிற போட்டிகளில் 70,000 பேருக்கு மேல் ஓட்டிக் காட்டிய காலம் அது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே சிலர் விரும்பினார்கள், பிள்ளையைப் பாரில் உட்கார வைக்கலாமே! என் அப்பா எனக்கு மறுத்த சைக்கிளைக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கற்றுக்கொடுத்தார்.

அதன்பின் முப்பது வருடம், அறுபத்து மூவர் நாள் தவிர, தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே கால் ஊன்றாமல் ஊர்ந்தவள் நான். இதைவிடப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

ஏழு பேர் கிளம்பினோம். ட்ரம்ஸ் காதைக் கிழித்தது. பின்பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதித்தேன், கண் எல்லைக்கோட்டில். சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் போச்சு. பேரன் 6 மீட்டரில் காலை வைத்துவிட்டான். (தாண்டுவதில் அவனுக்கு இரண்டாமிடம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) பாதியில் ஒரு பலூன் வெடித்து வண்டி ஒரே ஆட்டம் ஆடியது. வீடியோவில் "அத்தே!" என்று கேட்கிறதே, அது தம்பியின் மருமகள். விழவில்லை. 52 விநாடியில் கோட்டைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடுகிறவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்! தினமும் விடியற்காலையில் கால் ஊன்றாமல் மூன்றாவது மாடி வரை பேப்பர் எறிகிறவர். அவருக்கு முதல் பரிசு குக்கர், எனக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். மிகச் சரியான தீர்ப்பு.

விளம்பரத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். தம்பி முகம் இன்னும் சரியாகவில்லை.

அன்று மாலையே பக்கத்து ஃபிளாட் பெண்கள் மூன்று பேர், ஒருவருக்கு 58 வயது, கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் தெருவில் ஆரம்பிக்கிறோம். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் இருக்கும் என் பழைய மாணவிகளும் வரலாம். புடவை என்றால் கொசுவத்தைப் பின் குத்திக்கொண்டு வாருங்கள். சைக்கிள் என்னுடையது இருக்கிறது, காபியும் உண்டு.